கண்டத்துக்கு ஒரு கையுறை

மார்ச் 3, திங்கள்

முதலாளி இன்று முதல் என்னைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கிவிட்டார். சம்பளம் பழைய சம்பளம்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் இந்த டைரி. மற்றபடி டைரி எழுதும் வயதை எல்லாம் நான் தாண்டியாயிற்று, முப்பத்தேழு நடக்கிறது.

நடந்தது இதுதான். எங்கள் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் ஒச்சப்பன் அண்ணனுக்கு ஆசிட் தொட்டி வேலை. பாத்திரங்களை முக்கிக் கறை நீக்கி எடுப்பார். காலையில் ஒரு டிபன் கேரியர் மூடி தொட்டிக்குள் நழுவிவிட்டது. மனிதர் வாளிக்குள் விழுந்த சோப்பை எடுப்பதுபோலக் கையை விட்டு எடுத்துவிட்டார். விரல்களில் தோல் வழன்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டியதையெல்லாம் முதலாளி சோலைமணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"கயலு, இனிமே பட்டறையில எல்லாப் பயலும் கிளவுஸ் போட்டுத்தான் வேலை பாக்கணும். பொறுப்பு ஒன்னோடது."

"நான் கணக்குப் பாக்குறவ சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். எத்தன விரல் இருக்கு, எத்தன போச்சுன்னு ஒரு கணக்கு வேணும்ல?"

இதற்கா நான் எம்.காம். படித்தேன்!

மார்ச் 4, செவ்வாய்

முதலாளியே ஒரு பை நிறையக் கையுறை கொண்டுவந்தார். மச்சினர் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சியதாம். பந்தியில் ஜாங்கிரி வைக்கிறவர்கள் மாட்டியிருப்பார்களே, ஊதினால் பறக்கிற பிளாஸ்டிக் உறை, அது.

"இதுவும் கைக்குத்தான போடுறது?" என்கிறார்.

ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். ஐந்து விரலிலும் ஒழுகியது. இன்னொன்றை உலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் சுருண்டு அப்பளமாகிவிட்டது. உலையில் நிற்கும் அழகுமலை அண்ணன் சிரித்த சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டது. முதலாளிக்கு வருத்தம். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

மார்ச் 5, புதன்

கீழவெளி வீதியில் பாதுகாப்புச் சாமான் கடைக்குப் போனேன்.

"எந்த ஆபத்துக்கு வேணும் மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எல்லா ஆபத்துக்கும் ஒரே மாதிரி, கெட்டியா ஒண்ணு குடுங்க."

"அப்படி ஒண்ணு இருந்தா தெனமும் நான் மாட்டிக்கிட்டுல வீட்டுக்குப் போவேன்!"

பிறகு பொறுமையாக விளக்கினார். ஆசிட்டுக்கு முழங்கை வரை வரும் தடித்த ரப்பர்தான். தோல் கூடாது, உறிஞ்சி வைத்துக்கொண்டு கையை நிதானமாகத் தின்னும். உலைக்குத் தோல்தான், ரப்பர் கூடாது, உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். தகடு வெட்டுகிறவர்களுக்குக் கத்தி இறங்காத பின்னல் உறை. ஆக, ஓரிடத்தில் காப்பாற்றுவது இன்னோரிடத்தில் கொன்றுபோடும். மனிதர்களும் அப்படித்தான் என்று எழுத வந்தது. இது ஆதார டைரி என்பதால் எழுதவில்லை.

"பாலிஷ் சக்கரத்துக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாது. சுத்துற மிசின்ல நிக்கிறவனுக்குக் கிளவுஸ் ஆகாது. ஒரு நூல் சிக்குனாப் போதும், கையையும் சேத்து இழுத்துரும். வெறுங்கைன்னா தோல் உரசிப் போகும், அம்புட்டுத்தான். பாத்திரத்தப் பிடிக்க மரத்துல ஒரு பிடி செஞ்சு குடுங்க."

வியாபாரியே விற்க மாட்டேன் என்கிறார் என்றால் அது சத்தியமாகத்தான் இருக்கும். ஆளாளுக்குக் கை அளவு எடுத்து வரச் சொல்லிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

இன்று பட்டறை முழுக்கக் கை அளந்தேன். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப் பிடிக்க வேண்டும். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று அளவு வரும்.

முதலில் வந்தது தகடு வெட்டும் முத்துராக்கு அக்கா. இடது கையை நீட்டினார்.

"வலது கையக் குடுங்கக்கா."

"பொம்பளைக்கு இடது கைதான தாயி பாப்பாக?"

எனக்குப் புரியவில்லை. டேப்பில் எண் சின்னதாக இருந்ததால் குனிந்து உற்றுப் பார்த்தேன். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன போட்டுருக்கு?"

"எட்டு."

"எட்டா? சனியன் நம்பர்ல அது!" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். அடுத்து வந்தவர்கள் எல்லாம் குளித்துவிட்டு வந்த முகத்தோடு கையை நீட்டினார்கள். அழகுமலை அண்ணனுக்கு ஒன்பது. செவ்வாய் பலம் என்று அவரே சொல்லிக்கொண்டு மீசையைத் தடவினார். ஒச்சப்பன் அண்ணன் கைக்கட்டைப் பிரித்துக் காட்டவா என்று கேட்டார். நான் கிளவுஸ் அளவு எடுக்கிறேன் என்று எத்தனை முறை சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

கடைசியில் பாலிஷ் சக்கரத்தில் நிற்கும் தவசிலிங்கம். டேப் நழுவிவிட்டது. அதனால் இரண்டு தடவை அளக்க வேண்டியதாயிற்று. அவருக்குக் கிளவுஸே கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 10, திங்கள்

கிளவுஸ் வந்து இறங்கியது. தவசிலிங்கத்தைத் தவிர ஆளுக்கொரு ஜோடி கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஒருவரும் போடவில்லை.

புதுச் சாமானாம், அழுக்காகிவிடுமாம். ஒச்சப்பன் அண்ணன் ரப்பர் உறையைப் பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். அழகுமலை அண்ணன் தோல் உறையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். குலதெய்வம் கும்பிடும்போது கிடாக்கறி அண்டா இறக்கத் தோதாக இருக்குமாம். முத்துராக்கு அக்கா நேற்று தன் பின்னல் உறையைப் போட்டுக்கொண்டு அயிரை மீன் உரசினாராம். "நல்லா வழுக்காம இருந்துச்சு தாயி" என்று எனக்கே சான்றிதழ் தருகிறார். தகடு வெட்டும் இடத்தில் மட்டும் வெறுங்கை. காலையில் விளிம்பு பட்டு உள்ளங்கையில் ரத்தம். சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த தகட்டை எடுக்கிறார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். மரியாதையாகக் கேட்டார்கள் என்றால் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

மார்ச் 12, புதன்

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அழகுமலை அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், அன்னைக்குக் கையப் பாத்தீகளே. நெருப்புக் கண்டம் எதுவும் இருக்கா? எங்கப்பாவுக்கு இருந்துச்சு."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன். பழைய தழும்புக்கு மேல் புதுத் தழும்பு.

"இருக்குண்ணே" என்றது என் வாய். "பலமாவே இருக்கு. தோல் உறை போட்டா வெலகிரும். உலைக்கிட்ட நிக்கிற நேரம் பூராம் போடணும். கழட்டுனா வேகம் கூடும்."

வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினார்.

நாலு மணிக்குள் ஒச்சப்பன் அண்ணன் வந்துவிட்டார். அவருக்கு நீர்க்கண்டம் கொடுத்தேன். ஆசிட்டும் நீர்தானே. முத்துராக்கு அக்காவுக்கு இரும்புக் கண்டம். எட்டாம் நம்பர் சனியனுக்கும் சேர்த்து அந்தப் பின்னல் உறையே பரிகாரம் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

பட்டறையில் வெறுங்கையே இல்லை, பாலிஷ் சக்கரத்தைத் தவிர. டீ குடிக்கும்போதுகூட ஒருவரும் கழற்றவில்லை.

முதலாளியும் வந்து கையை நீட்டினார். மேலூர்ப் பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறாராம், அமையுமா என்று கேட்டார். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேன். "பெண் பாவம் ஒண்ணு குறுக்க நிக்குது சார். பட்டறையில பொம்பளைங்க கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டா வழி தெறக்கும்." வருஷக்கணக்காக நான் கேட்டுக் கிடைக்காத தாழ்ப்பாள் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. பித்தளைத் தாழ்ப்பாள்.

மார்ச் 14, வெள்ளி

தவசிலிங்கம் வந்து வாசலில் நின்றார். "எல்லாருக்கும் குடுத்தீங்க. எனக்கு?"

வேலை தலைக்கு மேல் கிடந்தது. "ஒங்களுக்கு வேணாம்" என்றேன்.

"ஒரு பரிகாரமும் இல்லையா?"

"ஒங்க கைக்கு ஒண்ணும் போடக் கூடாது. போட்டும் பிரயோசனம் இல்ல."

"சரிங்க" என்று போய்விட்டார். போனபிறகுதான் அவர் முகம் சரியில்லாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. இந்த வருஷம் வெயிலும் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 15, சனி

முத்துராக்கு அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏந் தாயி, தவசிக்கு அம்புட்டுத்தானா?"

"என்ன அம்புட்டுத்தான்?"

"எல்லாக் கண்டத்துக்கும் ஒரு கிளவுஸ் குடுத்த. அவனுக்கு மட்டும் பிரயோசனம் இல்லைன்னுட்ட. அதுலயும் அவன் கைய ரெண்டு தடவை பாத்தியாமுல்ல? மொதத் தடவை பாத்தது நம்ப முடியாமத்தான மறுக்காப் பாத்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

பட்டறை முழுக்க இதே பேச்சாம். அழகுமலை அண்ணன் இன்று அவருக்குத் தன் காசில் பிரியாணி வாங்கிக் கொடுத்தாராம். ஒச்சப்பன் அண்ணன், பைக்கை விற்கிற யோசனை இருந்தால் முதலில் தன்னிடம் சொல்லச் சொன்னாராம். தங்கைமார்களைக் கட்டிக்கொடுத்து முடிக்கவே தவசிலிங்கத்துக்கு வயது நாற்பத்தொன்று ஆகிவிட்டது. இப்போதுதான் அவருக்குத் திருமங்கலத்தில் பெண் பேசி வந்தார்கள். பெண் வீட்டார் காதுக்கும் போய், வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

கேட்டு எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மத்தியானம் சாப்பாடு மட்டும் ஏனோ நன்றாக இறங்கியது.

"இன்னொண்ணு" என்றார் அக்கா, போகிற போக்கில். "எல்லாப் பயலையும் அண்ணே அண்ணேங்குற. அவன மட்டும் ஏன் அப்படிக் கூப்பிடுறதில்ல?"

தவசிலிங்கம் என்பதே நீளமான பெயர். அதில் அண்ணனையும் சேர்த்தால் மூச்சு வாங்கும். இதையெல்லாம் அக்காவிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மார்ச் 17, திங்கள்

தவசிலிங்கத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். சுற்றும் சக்கரம், நூல் சிக்குவது, கை இழுபடுவது எல்லாம் கடைக்காரர் சொன்னபடியே. மரப்பிடியும் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. ஒங்களுக்கு நல்ல மனசு."

"மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! நெசத்தச் சொல்றேன்."

"டாக்டருங்களும் இப்படித்தாங்க. கடைசில ஒண்ணுமில்ல, நல்லாச் சாப்பிடுங்கம்பாங்க."

மார்ச் 18, செவ்வாய்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் தவசிலிங்கம் கையுறை மாட்டிக்கொண்டு சக்கரத்தில் நிற்கிறார். கொடைக்கானலில் விற்பார்களே, குளிருக்குப் போடும் கம்பளி உறை, அது. சிவப்பு நிறம், மணிக்கட்டில் குஞ்சம் வேறு. போதாததற்கு அதன்மேல் கோயிலில் மந்திரித்த கயிறு. யாரோ ஒரு சாமியாடி, உனக்குப் பரிகாரத்தை நீயே தேடிக்கொள் என்றாராம்.

ஓடிப்போய்க் கழற்ற வைத்தேன். "சரிங்க" என்றார். நான் ஆபீஸுக்கு வந்து உட்காருவதற்குள் மறுபடி மாட்டிவிட்டார். மறுபடி ஓடினேன். மறுபடி "சரிங்க." சாகிறவன் கடைசி ஆசையைப் பிடுங்குகிறாளே என்று எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "போட்டா நல்லதுதான கயலு? கிளவுஸ் போடச் சொன்னதே நீதான?" என்கிறார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கண்டம் எல்லாம் பொய் என்று ஊரறியச் சொல்லிவிட்டால் தவசிலிங்கம் கழற்றிவிடுவார். ஆனால் மற்றவர்களும் கழற்றிவிடுவார்களே. ஒச்சப்பன் அண்ணன் புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது, அந்தக் கை மறுபடி தொட்டிக்குள் போகும். முத்துராக்கு அக்கா ரத்தத்தைச் சேலையில் துடைப்பார். சொல்லாவிட்டால் ஒரு கை போகும். சொன்னால் எத்தனை கை போகுமோ.

மூளைக்கு இது கணக்குதான். ஆனால் அந்த ஒரு கை மட்டும் கணக்கில் உட்கார மாட்டேன் என்கிறது. அம்மா தோசை சுட்டு வைத்திருந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

மார்ச் 19, புதன்

பத்தரை மணிக்குப் பாலிஷ் பக்கமிருந்து ஒரு சத்தம். துணி கிழிகிற சத்தம்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. சிவப்புக் கம்பளி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. தவசிலிங்கம் சுவரோடு ஒட்டி நின்றார். கையைப் பார்த்தேன். இருந்தது. விரல்களும் இருந்தன. இழை இழுத்த வேகத்தில் உறை கையைவிட்டு உருவிக்கொண்டு போயிருக்கிறது. சுண்டுவிரல் நகம் மட்டும் கறுத்திருந்தது. உறையை இறுக்கிக் கட்டிய மந்திரித்த கயிறு நல்ல வேளையாக மற்ற கையில் இருந்தது.

நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். பிரஸ், உலைக் காற்றாடி, ரேடியோ எல்லாம் அடங்கின. பக்கத்தில் கிடந்த அண்டாவைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். எல்லாரும் வந்தார்கள்.

"எனக்கு ஜோசியமும் தெரியாது, ரேகையும் தெரியாது. நெருப்புக் கண்டம், நீர்க்கண்டம் எல்லாம் நானாச் சொன்ன பொய். நீங்க கிளவுஸ் போடணும்னு சொன்னேன். நல்லா இருக்குற ஒரு மனுசன் கை இந்நேரம் போயிருக்கும்!"

அழகுமலை அண்ணன்தான் முதலில் பேசினார்.

"நெசமான ஜோசியக்காரவுக யாரு, நான் ஜோசியக்காரன்னு ஒத்துக்கிருவாக?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒச்சப்பன் அண்ணன் ரப்பர் கையை உயர்த்தினார். "கண்டம் பொய்னாலும் இருந்துட்டுப் போகட்டும் மேடம். ஆசிட்டுக்கு வந்த நாள்லருந்து என்னால கையால சோறு பிசைய முடியாது, எரியும். ஸ்பூன்லதான் திம்பேன். நேத்து ரசஞ்சோறு பிசைஞ்சு சாப்பிட்டேன். இனி நீங்க கழட்டச் சொன்னாலும் கழட்ட மாட்டேன்."

இதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன்.

தவசிலிங்கம் மட்டும் அசையவில்லை. மிச்சமிருந்த ஒற்றை உறையைக் கழற்றவும் இல்லை.

"எல்லாருக்கும் பொய் சொன்னீங்க, சரி. எனக்கு ஒரு பொய்கூடச் சொல்லலையே. ரெண்டு தடவை கையப் பாத்தீங்க. அப்புறம் பிரயோசனம் இல்லைன்னீங்க. ரெண்டாவது தடவை எதுக்குப் பாத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க, கழட்டிர்றேன்."

டேப் நழுவியது என்று சொல்ல வந்தேன். அதைச் சொன்னால் அவர் நம்பமாட்டார். நாளைக்கு இன்னொரு கம்பளி வாங்கிக்கொண்டு வருவார். நகத்தோடு போனது அன்றைக்குக் கையோடு போகும். பட்டறை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டேப் நழுவல" என்றேன். "ஒங்களுக்குக் கிளவுஸ் இல்லைன்னு எனக்கு மொதல்லயே தெரியும். கையப் பிடிக்கணும்போல இருந்துச்சு. பிடிச்சேன். விட மனசில்ல. அதான் ரெண்டாந் தடவை."

ஒச்சப்பன் அண்ணன் உயர்த்திய ரப்பர் கையை இறக்கினார்.

"இதுக்காடி கரண்ட்ட நிப்பாட்டுன?" என்றார் முத்துராக்கு அக்கா.

தவசிலிங்கம் என்னைப் பார்த்தபடியே அந்த ஒற்றை உறையைக் கழற்றினார். எங்கே போடுவது என்று தெரியாமல் அழகுமலை அண்ணனிடம் கொடுத்தார். அவர் அதை உலையில் போட்டார். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்து, "யார்றா மெயின இறக்குனது?" என்றார். எல்லாரும் உறை போட்ட கையால் என்னைக் காட்டினார்கள்.

மார்ச் 20, வியாழன்

ஜிஎஸ்டி கணக்கு அனுப்ப இன்று கடைசி நாள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

மத்தியானம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பாதி அடித்திருப்பேன். தவசிலிங்கம் வந்தார். கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியிருக்கிறார், அறை முழுக்க வாசனை. மரப்பிடி தோதாக இருக்கிறது என்றார். நகம் வலிக்கவில்லை என்றார். அதற்குப் பிறகும் போகவில்லை.

"ஒங்க கையக் கொஞ்சம் காட்டுங்க."

"ரேகை பாக்கத் தெரியுமா?"

"தெரியாது" என்றார்.

நீட்டினேன். கணக்கு இந்த மாதம் தாமதமாகத்தான் போகும்.